பட்டாள நம்பரைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊர் மக்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரை, இரண்டாம் உலகப் போருக்குப் போன தாத்தா, பூட்டன்மாரின் பணிப்பதிவைத் தேடும் குடும்பங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் இந்த மடல். பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. யார் செய்த எந்தக் காரியத்தால் எது கிடைத்தது என்று எழுதிவைத்தால் அடுத்துத் தேடுகிறவருக்கும் உதவும்.

முதல் நன்றி, பதக்கத்தைத் தேய்த்து விளக்காமல் வைத்திருந்த அப்பத்தாக்களுக்கு. இந்தியப் படையினருக்குக் கொடுத்த போர்ப் பதக்கத்தின் விளிம்பிலேயே பெரும்பாலும் அவருக்கென்று கொடுத்த பட்டாள நம்பர், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். நட்சத்திர வடிவப் பதக்கமானால் பின்பக்கம் பார்க்க வேண்டும். உப்புக்காற்றில் கறுத்ததைப் புளியோ விபூதியோ போட்டுத் தேய்த்தால் முதலில் மழுங்குவது அந்த எழுத்துதான். மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி, பென்சிலைப் படுக்கவைத்து லேசாக உரசினால் எழுத்து தாளில் ஏறிவிடும். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தும் படிக்கலாம். 'எஸ். அண்ட் எம்.' என்றிருந்தால் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ், அதாவது பாலம், பாதை, கண்ணிவெடி வேலை. 'ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.' என்றால் சரக்கும் வண்டியும் பார்த்த சர்வீஸ் கோர். எழுத்தே இல்லாவிட்டாலும் ரிப்பனைத் தூக்கிப் போடாதீர்கள். கருநீலத்தின் நடுவே அகலச் சிவப்பும், இருபக்க நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் அது பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11-க்கும் 1945 செப்டம்பர் 2-க்கும் இடையே அந்தப் போர்முனையில் இருந்தவருக்கு உரியது.

அடுத்து, ஓய்வுபெற்ற சுபேதார்களுக்கும் ஹவில்தார்களுக்கும். லண்டனுக்கு எழுதிக் காத்திருந்த குடும்பங்களைத் திருப்பிவிட்டது நீங்கள்தான். அங்கே இருப்பது பெரும்பாலும் அதிகாரிகளின் கோப்புகள். சாதாரணச் சிப்பாயின் தாள் அந்தந்தப் படைப்பிரிவின் பதிவு அலுவலகத்தில்தான் இருக்க வேண்டும். மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன். பென்ஷன் இல்லாமல் போர் முடிந்ததும் அனுப்பப்பட்டவர்களின் ஷீட் ரோலை, அதாவது பணி விவரத் தாளை, 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவது விதி. 'ஆவணம் அழிக்கப்பட்டது' என்று பதில் வந்ததும் அத்தோடு விட்டுவிடுகிறோம், அதுதான் தப்பு. லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு அழிக்கப்படாமல் இருக்க வாய்ப்பு உண்டு. அதில் ஒருவருக்கு ஒரு வரி இருந்தாலும் போதும். ஆகவே தகவல் உரிமைச் சட்ட மனுவில் 'என் தாத்தாவைப் பற்றிய விவரம்' என்று கேட்காமல், நம்பரைப் போட்டு 'லாங் ரோல் பதிவின் நகல்' என்று கேளுங்கள். 10 ரூபாய்க்கு போஸ்டல் ஆர்டர் வையுங்கள். வாரிசுச் சான்றின் நகலையும் சேருங்கள். தனிநபர் தகவல் என்று மறுத்தால், 20 ஆண்டு கடந்த விஷயங்களுக்கான 8(3) பிரிவை மேல்முறையீட்டில் காட்டுங்கள்.

நம்பர் கிடைக்காதவர்களுக்கு வழி திறந்தது பங்குத் தந்தையரும், ஜமாத்துக்காரர்களும், பழைய பள்ளி ஆசிரியர்களும். ஞானஸ்நானப் பதிவேட்டுப் பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிட்ட பெயர் ஒன்று, ஆள் எடுத்த குமாஸ்தா இங்கிலீஷில் எழுதிக்கொண்டது இன்னொன்று. முனியசாமி முனுசாமி ஆகியிருப்பார், சாதிப் பட்டமே பெயராக ஏறியிருக்கும். போரில் இறந்தவரானால் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பெயரை விட்டுவிட்டு, 'கூடுதல் தகவல்' கட்டத்தில் ராம்நாடு (Ramnad) என்று அன்றைய எழுத்துக்கூட்டலில் தட்டிப் பாருங்கள். தகப்பன் பெயரும் ஊரும் பல பதிவுகளில் உண்டு. ஆனால் 1985-இல் பிரிவதற்கு முந்தைய ராமநாதபுரம் மாவட்டம் அது. சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்து ஆட்களும் கலந்தே வருவார்கள். உயிரோடு திரும்பியவர் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். அவருக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். உலகப் போர் வீரருக்கோ விதவைக்கோ அரசு உதவித்தொகை வந்திருந்தால், அந்தக் கோப்பில் நம்பர் இருக்கும். 1964 புயலில் வீட்டோடு காகிதத்தையும் இழந்த தனுஷ்கோடிக் குடும்பங்களுக்கு இந்தக் கோப்பு பெரிய ஆதாரம்.

மலேயாவில் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவமான ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவருக்குத் தேடல் வேறு. தியாகி பென்ஷன் கோப்பைக் கலெக்டர் அலுவலகத்திலும், ஐ.என்.ஏ. ஆவணங்களை டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் பார்க்க வேண்டும். ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கூலியாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் பட்டாளத்தார் அல்ல என்பதால் எந்த ராணுவப் பட்டியலிலும் இல்லை. அவர்களைத் தேடும் வீடுகளை நினைத்தால் மனசு கனக்கிறது.

கடைசியாக, சிங்கப்பூரில் கிராஞ்சி போர் நினைவிடத்துக்குப் போய்ப் படம் எடுத்து அனுப்பிய தம்பி தங்கைகளுக்கு. 24,000-க்கும் மேற்பட்ட பெயர்களில் ஒன்றை வெறும் பெயரை வைத்துத் தேட முடியாது. அங்கே படைப்பிரிவு, பதவி வரிசையில்தான் பெயர்கள் நிற்கின்றன. ஆணையத்தின் பட்டியலில் உள்ள நிரல் (column) எண்ணைக் குறித்துக்கொண்டு போனீர்கள். வேண்டிய பெயரோடு நிறுத்தாமல் மேலும் கீழும் பத்துப் பெயர் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினீர்கள். அதே பிரிவில் மடிந்தவர்கள் அவர்கள். அந்தப் பெயர்களுக்கும் இப்போது ஊர் தேடிக்கொண்டிருக்கிறோம்.