கீழ் வீட்டு அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

மனச்சோர்வு நோயில் நான் விழுந்து கிடந்ததைத் திரும்ப விவரிக்கப் போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். நேற்று மருத்துவர் 'இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும்' என்றார். வந்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன், கோர்வையாக இருக்காது.

முதலில் கீழ் வீட்டு அம்மாவுக்கு.

கண்புரை அறுவை முடிந்து வந்த மறுநாள் என் கதவைத் தட்டினீர்கள். நான் எழுந்து திறக்கவே வெகுநேரம் ஆனது. என் தலையையும் கசங்கிய உடையையும் பார்த்தும் நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. "கை நடுங்குதும்மா, நானே விட்டுக்கிட்டா கன்னத்துலதான் விழுது. இந்தச் சொட்டு மருந்தை விட்டுவிடுறியா?" அவ்வளவுதான். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். கீழ் இமையை மெல்ல இழுத்து, பாட்டில் நுனி கண்ணில் படாமல் ஒரே ஒரு சொட்டு, அப்புறம் இறுக்காமல் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், அடுத்த மருந்துக்கு 5 நிமிடம் பொறுக்க வேண்டும். அந்த 5 நிமிடமும் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். ஒரு நாள்கூட நீங்கள் அறிவுரை சொன்னதில்லை.

முதல் வாரம் நாளுக்கு 6 வேளை, பிறகு வாரத்துக்கு ஒரு வேளை குறைந்துகொண்டே வந்து மொத்தம் 6 வாரம். என் மாத்திரையும் சரியாக வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகலாம் என்று சொல்லியிருந்தார்கள். எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் பதிலே இல்லாத நாட்கள் அவை, ஆனால் எட்டு மணிக்கு உங்கள் கண்ணுக்கு மருந்து விட வேண்டும் என்பது மட்டும் தெரியும். அழுதுகொண்டே படி இறங்கி வந்த நாட்களும் உண்டு. மனம் தேறட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல் சின்ன வேலையைச் செய்யத் தொடங்கினால் மனம் பின்னாலேயே வரும், 1970களிலிருந்தே இதை ஒரு சிகிச்சையாகவே செய்கிறார்கள் என்று ஆலோசகர் சொன்னபோது எனக்கு உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அக்காவுக்கும், இரவெல்லாம் போனில் கூடவே இருந்த தோழிகளுக்கும், வேலையைப் பங்கு போட்டுக்கொண்ட அலுவலக நண்பர்களுக்கும், மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் நான் பட்ட கடன் பெரிது. நீங்கள் செய்யாமல் நான் பிழைத்திருக்க மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் பாரமாகிவிட்டோமே என்கிற நினைப்புதான் இந்த நோயில் ஆளை அரித்துத் தின்னும். கீழ் வீட்டு அம்மா ஒருவர்தான் என்னிடம் ஒன்றைக் கேட்டார். கேட்டது எனக்காக இல்லை, அவருக்கு உண்மையாகவே கை நடுங்கியது. என்னால் ஆகவேண்டிய காரியம் ஒன்று உலகத்தில் மிச்சமிருந்தது.

பெரிய லட்சியம் எதையும் நான் கண்டுபிடித்துவிடவில்லை. நோயும் முழுசாகப் போய்விடவில்லை, சில காலைகள் இன்னும் கல்லாகத்தான் கனக்கின்றன. முன்பு ஒருமுறை கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நானாக நிறுத்தி, அதற்குப் பட்டது போதும். நன்றாக ஆன பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும் என்கிறார் மருத்துவர், தொடர்வேன், உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன்.

அம்மா, அடுத்த மாதம் உங்கள் இன்னொரு கண்ணுக்கு அறுவை. முதல் வாரத்துக்கு 6 வேளையும் போனில் அலாரம் வைத்துவிட்டேன். கதவைத் தட்ட வேண்டாம், நானே வருகிறேன்.