மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு எத்தனை வயது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்திய ராணுவத்தின் காலாட்படைப் பிரிவான மெட்ராஸ் ரெஜிமென்ட் பற்றிய செய்திகளில் '1758 முதல் இடையறாமல்' என்ற தொடர் அடிக்கடி வருகிறது. 1758 சரிதான். சிதறிக் கிடந்த சிப்பாய் கம்பெனிகளை (சிறு படைக் குழுக்களை) ஆங்கிலேயத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் பட்டாலியன்களாகத் திரட்டிய ஆண்டு அது. பல கம்பெனிகள் சேர்ந்தது பட்டாலியன்; பல பட்டாலியன்கள் சேர்ந்தது ரெஜிமென்ட். 'இடையறாமல்' என்பதுதான் பிழை. 1922 சீரமைப்பில் உருவான 3-வது மெட்ராஸ் ரெஜிமென்டின் (ரெஜிமென்டின் அன்றைய பெயர்) நிரந்தரப் பட்டாலியன்கள் 1928-க்குள் கலைக்கப்பட்டன. டெரிட்டோரியல் (பகுதிநேர வீரர்) பிரிவுகளே மிஞ்சின. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் தேவைப்பட்டபோதுதான் ரெஜிமென்ட் மறுபடி எழுந்தது. கலைப்புக்குச் சிக்கன நடவடிக்கை என்று காரணம் சொன்னார்கள். தென்னாட்டார் போருக்கு ஆகாதவர்கள் என்ற 'போர்க்குடி'க் கொள்கை அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிட்டது. இந்த அநீதியையும் சேர்த்து எழுதுவதே அந்தச் சிப்பாய்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

அந்தக் கொள்கையால் மூத்த பட்டாலியன்கள் பலவற்றில் தென்னாட்டாருக்குப் பதில் பஞ்சாபியர் சேர்க்கப்பட்டு, பெயரோடு ஆளும் மாறின. 1759-இல் இங்கே திரட்டப்பட்ட ஒரு பட்டாலியன் 62-வது பஞ்சாபிஸ் ஆனது. அதன் வாரிசு இன்று பாகிஸ்தானின் பஞ்சாப் ரெஜிமென்டில் இருக்கிறது. 1761-இல் திருச்சியில் உருவானது 67-வது பஞ்சாபிஸ் ஆகி, இன்று இந்திய ராணுவத்தின் கார்ட்ஸ் படைப்பிரிவின் முதல் பட்டாலியனாக நிற்கிறது. 1776-இல் தோன்றி '1 மெட்ராஸ்' என்ற எண்ணைப் பெற்ற பட்டாலியனும் இப்போது மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி என்ற கவச வாகனக் காலாட்படையில்தான் உள்ளது.

எதிர்த்திசையிலும் ஒன்று நடந்தது. 9 மெட்ராஸ், அதாவது ரெஜிமென்டின் 9-வது பட்டாலியன், 1704-இல் பத்மநாபபுரத்தில் திருவிதாங்கூர் படையாகத் தோன்றியது. ரெஜிமென்டுக்குள் வந்ததோ சுதந்திரத்துக்குப் பிறகு. ரெஜிமென்டை விட அதன் பட்டாலியன் மூத்ததாக இருப்பது இதனால்தான். 1704, 1758 இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வீட்டில் பழைய பதக்கமோ பென்ஷன் தாளோ வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் உலகப் போர் பதக்கத்தில் முகப்பைப் பார்த்துப் பயனில்லை. விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். மெருகேற்றித் தேய்த்தால் முதலில் போவதும் அந்த எழுத்துதான், ஆகவே பாலிஷ் போடாதீர்கள்.

படைப்பிரிவின் எண் கிடைத்ததும் ஆவணத்தின் ஆண்டைப் பாருங்கள். 1903 சீரமைப்பில் மெட்ராஸ் காலாட்படை எண்களுடன் 60-ஐக் கூட்டினார்கள். பம்பாய் எண்களுடன் 100. ஆகவே 1880-இல் 23-வது என்றிருந்தால் அது 1903-க்குப் பின் 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, இன்றைய 4 மெட்ராஸ். இந்தக் கணக்கை 1824-க்கு முன் கொண்டுபோகக் கூடாது. 1796 முதல் 1824 வரை ஒரு ரெஜிமென்டுக்கு இரண்டு பட்டாலியன்; எண்ணும் '1/4' (4-வது ரெஜிமென்டின் முதல் பட்டாலியன்), '2/12' என்று இரட்டையாக இருக்கும். 1824-இல் அவற்றைப் பிரித்து எண்களைத் திருத்தினார்கள். எல்லா எண்ணும் 60 கூட்டி வருவதுமில்லை. 10-வது மெட்ராஸின் எண்ணை எடுத்துக்கொண்டது பர்மாவில் உருவான ஒரு படை. 1901-இல் அதுவே 10-வது கூர்க்கா ரைஃபிள்ஸ் ஆனது. அந்த எண்ணை மட்டும் நம்பித் தேடினால் நம் ஊர்த் தாத்தா கூர்க்காவாகிவிடுவார்.

சாப்பர்ஸையும் இதில் சேர்க்க வேண்டாம். 1780-இல் தோன்றிய மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படை; அதன் மையம் பெங்களூரு. காலாட்படையான மெட்ராஸ் ரெஜிமென்டின் மையம் நீலகிரி வெலிங்டன். இரண்டிலும் வீரரைத் 'தம்பி' என்றே அழைப்பதால் செய்திகளில் கலந்துவிடுகிறது.

வீரர் குறித்த செய்திகளில் 'மெட்ராஸ் ரெஜிமென்ட்' என்று மட்டும் போடாமல் பட்டாலியன் எண்ணையும் ஆண்டையும் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்