உன் கிரியாட்டினின் ரிப்போர்ட் பார்த்தேன்

பெரம்பூர், சென்னை

அன்புத் தோழிக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "கிரியாட்டினின் 1.1, நார்மலுக்குள்தான் இருக்கிறது. அப்புறம் ஏன் கீழே 57 என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்? டயாலிசிஸ் வரை போய்விடுமா?" என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் மனதில் நிற்கும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். 57இல் டயாலிசிஸ் பேச்சே கிடையாது. அந்த எண் 15க்குக் கீழே இறங்கும்போதுதான் அந்தப் பேச்சு வரும். முதலில் நீ ராத்திரி நிம்மதியாகத் தூங்கு.

நம் வயதுக்காரர்களுக்குக் கிட்னி என்றாலே 1984தான் ஞாபகம் வருகிறது. எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தார், நாம் ஹாஸ்டல் ரேடியோவைச் சுற்றி மூச்சுவிடாமல் நின்றோம். அவருடைய அண்ணன் மகள் லீலாவதி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு ஒருவர் நன்றாக வாழலாம், அவ்வளவு தாராளமாக நமக்கு இரண்டு இருக்கின்றன. ஆனால் அந்தத் தாராளத்தாலேயே, பாதி வேலை நின்றுபோனாலும் உடம்பு ஒன்றும் சொல்வதில்லை. ரத்தத்தைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கிரியாட்டினின் என்பது தசையில் அன்றாடம் உண்டாகும் கழிவு. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே அனுப்புகிறது. வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் அது தேங்கும். நான் லேபில் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் கையால் செய்வோம். பிக்ரிக் அமிலம் எலுமிச்சை மஞ்சளில் இருக்கும். அதில் காரக் கரைசலையும் நோயாளியின் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சேர்த்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி காத்திருப்போம். கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் ஆரஞ்சாகும். ஆரஞ்சு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு கிரியாட்டினின். மேக்ஸ் யாஃபே என்ற ஜெர்மானியர் 1886இல் கண்டுபிடித்த வினை அது. விரலில் பட்ட கறை நாலைந்து நாள் போகாது. இன்று எல்லாம் மெஷின் செய்கிறது, ஆனாலும் பல லேப்களில் அடிப்படை அதே ஆரஞ்சு நிறம்தான். சர்க்கரையோ கீட்டோனோ அதிகம் இருந்தால் அவையும் அந்த நிறத்தைக் கொஞ்சம் கூட்டிவிடும். லேபுக்கு லேப் 0.1 அப்படி இப்படி வருவதும் உண்டு. அதனால் அடுத்த முறையும் அதே லேபுக்குப் போ.

இப்போது உன் 57க்கு வருகிறேன். அதை யாரும் உன் உடம்பில் அளக்கவில்லை. கிரியாட்டினின், வயது, ஆணா பெண்ணா என்ற மூன்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டுக் கம்ப்யூட்டர் தருவது. இ-ஜி.எஃப்.ஆர். என்பார்கள், நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டப்படுகிறது என்ற மதிப்பீடு. இதே 1.1 ஒரு 25 வயதுப் பையனுக்கு வந்திருந்தால், 2021இல் திருத்திய சூத்திரப்படி சுமார் 95 வரும். அவனிடம் தசை அதிகம், கழிவும் அதிகம், அதையும் வெளியேற்றி 1.1இல் வைத்திருக்கிறது என்றால் அவன் சிறுநீரகம் நன்றாக ஓடுகிறது. 62 வயதுப் பெண்ணான உனக்குத் தசை குறைவு. கொஞ்சம் உண்டாகும் கழிவே 1.1 வரை தேங்கியிருக்கிறது என்றுதான் அந்தக் கணக்கு சொல்கிறது. ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் '0.6 முதல் 1.2 வரை' எல்லாருக்கும் சேர்த்துத் தைத்த சட்டை. அதைப் பார்த்து நிம்மதி அடைவதும் தப்பு, 57ஐப் பார்த்து அழுவதும் தப்பு.

அந்த வாரம் என்னென்ன நடந்தது என்று நீயே எழுதியிருக்கிறாய். முந்தின நாள் ராத்திரி கல்யாண வீட்டில் மட்டன் பிரியாணி. கறி வேகும்போதே அதிலுள்ள கிரியாட்டின் கிரியாட்டினினாக மாறுகிறது, அது நேராக ரத்தத்துக்கு வரும். ஃபாஸ்டிங் என்று சொன்னதால் காலையில் தண்ணீரும் குடிக்கவில்லை. ஃபாஸ்டிங் என்றால் சாப்பாடுதான் கூடாது, வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று லேபில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். பெரிய விஷயம் மூன்றாவது: முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மூன்று வாரமாகப் போடும் டைக்ளோஃபினாக். அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும், சில பிரஷர் மாத்திரைகளோடு சேர்ந்தால் பாதிப்பு இன்னும் கூடலாம், நீயோ பிரஷர் மாத்திரையும் போடுகிறாய். நாளைக்கே டாக்டரைப் பார்த்து இதைச் சொல், வலிக்கு வேறு வழி கேள். இதில் மட்டும் நான் கெஞ்சுகிறேன்.

இன்னொன்று, உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் அவருக்கு 17 வருஷமாகச் சர்க்கரை. வருஷா வருஷம் கிரியாட்டினின் 0.9. 'நார்மல்' என்று டிக் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அவர் எவ்வளவு இளைத்துப் போயிருந்தார் என்பதை யாரும் அந்த எண்ணோடு சேர்த்துப் பார்க்கவில்லை. தசை கரைந்தால் கிரியாட்டினினும் குறையும், எண் அழகாகவே இருக்கும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கும் யூரின் ஆல்புமின் டெஸ்ட் ஒருவரும் எழுதவில்லை, 31 வருஷம் லேபில் இருந்த நானும் கேட்கவில்லை. ஒரு நாள் சாக்ஸைக் கழற்றினார், கணுக்காலில் பள்ளம் விழுந்தது, தேய்த்தும் மறையவில்லை. அப்போதுதான் எடுத்தோம். 30க்குக் கீழே இருக்க வேண்டிய ஆல்புமின் 400ஐத் தாண்டியிருந்தது. தசையைச் சாராத சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையும் செய்தோம், அதை வைத்துப் போட்ட கணக்கிலும் சிறுநீரகம் வடிகட்டும் அளவு குறைவாகத்தான் வந்தது. இப்போது சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள், உப்பு பாதி, நிலை அப்படியே நிற்கிறது. ஊறுகாய் ஜாடியைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மோர் சாதம் சாப்பிடுகிறார், எனக்குத்தான் தொண்டை அடைக்கிறது.

அதனால் உனக்குச் சொல்கிறேன். வலி மாத்திரையை டாக்டர் மாற்றிய பிறகு இரண்டு மூன்று வாரம் போகட்டும். முதல் நாள் கறி வேண்டாம், காலையில் வழக்கம்போலத் தண்ணீர் குடி, மறுபடி ரத்தம் கொடு. கூடவே காலையில் முதல் சிறுநீரில் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பார்க்கச் சொல். அது 30க்குள் இருந்து, 57ம் 60க்கு மேல் ஏறிவிட்டால் வருஷத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும். 60க்குக் கீழேயே நின்றால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை. மூன்று மாதம் நீடித்தால்தான் நாள்பட்ட சிறுநீரக நோய் என்றே பெயர் வைப்பார்கள். பக்கத்து வீட்டம்மா சொன்ன அந்த மூலிகைப் பொடியைத் தொடாதே.

தை பிறந்ததும் இங்கே வந்து ஒரு வாரம் தங்கு. மாடியில் உனக்குப் பிடித்த அறை காலியாகத்தான் இருக்கிறது. ரிப்போர்ட் வந்ததும் போட்டோ அனுப்பு. ரத்தப் பக்கத்தை மட்டும் அனுப்பாதே, யூரின் பக்கமும் வேண்டும்.

அன்புடன்,
உன் ஹாஸ்டல் அறைத்தோழி