எஸ்கேஏ தரவு இந்தியாவில் எங்கே இறங்கும்?

மதிப்பிற்குரிய அணுசக்தித் துறைச் செயலர் அவர்களுக்கும், அறிவியல் தொழில்நுட்பத் துறைச் செயலர் அவர்களுக்கும் வணக்கம்.

ஸ்கொயர் கிலோமீட்டர் அர்ரே எனும் எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கித் திட்டத்துக்கு 7 ஆண்டுகளில் 1,250 கோடி ரூபாய் செலவிட மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த செய்தி 2024 ஜனவரியில் வெளியானது. அதே ஆண்டில் இந்தியா முழு உறுப்பினரானது. நியூசிலாந்து 2019-இல் ஒதுங்கிக்கொண்ட திட்டம் இது. நாம் ஒதுங்காததற்கு நன்றி. இந்த மடல் அடுத்த வேலையைப் பற்றியது: தொலைநோக்கி தரப்போகும் தரவை இந்தியாவில் எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது?

மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் 512 நிலையங்கள், நிலையத்துக்கு 256 என்று மொத்தம் 1,31,072 ஆன்டெனாக்கள் நிற்கப்போகின்றன. தென்னாப்பிரிக்காவின் கரூவில் 197 டிஷ்கள். 2025 மார்ச்சில் வெளியான மர்ச்சிசனின் முதல் படம் வெறும் 1,024 ஆன்டெனாக்களைக் கொண்டு எடுத்தது. முழு அளவில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. இரண்டும் முழுதாக ஓடும்போது ஆண்டுக்குச் சுமார் 700 பெட்டாபைட் (ஒரு பெட்டாபைட் என்பது ஆயிரம் டெராபைட்) தரவு வெளிவரும். இதுவும் பெர்த், கேப்டவுன் கணினிகள் சலித்துச் சுருக்கிய பிறகு மிஞ்சுவதுதான். ஆய்வாளர்கள் அதைத் தொலைநோக்கி வாசலில் வாங்கிக்கொள்ள முடியாது. உறுப்பு நாடுகள் சேர்ந்து நடத்தும் வட்டார மையங்களின் வலையில்தான் அது கிடைக்கும். நம் மையம் சிறுத்துப்போனால் நம்மவர்கள் அடுத்தவர் திண்ணையில் ஒண்டிக்கொண்டு கணக்குப் போடவேண்டியதுதான்.

கணக்குக்காக, 700-இல் 5 சதவீதத்தை இந்தியா தாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 35 பெட்டாபைட். 20 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் வைத்தால் 1,750 டிஸ்க். எட்டு டிஸ்க் தரவுக்கு இரண்டு டிஸ்க் காப்பு என்ற விகிதத்தில் சேர்த்தால் ஏறத்தாழ 2,200. ஆண்டுக்கு ஒன்றரை சதவீதம் பழுதாகும் என்று கொண்டால் 33 டிஸ்க். அதாவது பதினொரு நாளுக்கு ஒன்றை யாராவது போய் மாற்றவேண்டும். புதிதாகப் போட்ட டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்ப 37 மணி நேரம் ஆகும். அதற்குள் அதே பத்தில் இன்னும் இரண்டு போனால் தரவு போயிற்று.

இங்கேதான் நம் கொள்முதல் வழக்கம் குறுக்கே வருகிறது. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்று மார்ச் மாதத்தில் மொத்தமாக ஆர்டர் கொடுத்தால் எல்லா டிஸ்க்கும் ஒரே தொகுப்பிலிருந்து வரும். ஒரே தொகுப்பில் குறை இருந்தால் பல டிஸ்க் ஒரே காலத்தில் படுக்கும். உத்தரவாதக் காலமும் ஒரே நாளில் முடியும். குறைந்த விலைக்காரருக்கே டெண்டர் என்றால், பிறகு உதிரிப் பொருளுக்கு அலைய வேண்டும். ஆண்டுதோறும் மூன்று தவணையாக வாங்கும் பல்லாண்டு விலை ஒப்பந்தம் போடுங்கள். செலவாகாத தொகையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல அனுமதியுங்கள். டிஸ்க் விலை நீண்ட காலப் போக்கில் இறங்குவதால் தவணை முறையே மலிவு. ஐந்தாண்டு பழசான டிஸ்க்கை மாற்றும் தொகையும் முதல் மதிப்பீட்டிலேயே இருக்கட்டும். பெரும்பாலான திட்டங்களில் அந்த வரியைத்தான் காணோம்.

அடுத்தது இணைப்பு. நொடிக்கு 10 கிகாபிட் தரும் இணைப்பு ஒன்று இரவு பகலாக நூறு சதவீதம் ஓடினால் நாளொன்றுக்கு 108 டெராபைட், ஆண்டுக்கு 39 பெட்டாபைட் வரும். நடைமுறையில் பாதி கிடைத்தாலே பெரிது. ஆகவே 100 கிகாபிட் வேண்டும். ஆனால் கம்பி தடிமனானால் மட்டும் தரவு ஓடாது. நம் மையம் புனேவில் இருப்பதாகக் கொண்டு, பெர்த்துக்கும் புனேவுக்கும் ஒரு செய்தி போய்வர 150 மில்லிவிநாடி என்று வையுங்கள். 10 கிகாபிட் குழாயை நிரப்பவே எந்நேரமும் சுமார் 190 மெகாபைட் வழியில் மிதக்கவேண்டும். சர்வரின் பஃபர், அதாவது அனுப்பும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம், 6 மெகாபைட்டில் நின்றால் ஒரு தரவு ஓட்டத்துக்கு நொடிக்கு 40 மெகாபைட்தான் கிடைக்கும். "இணைப்பு மோசம்" என்று புகார் எழும். குற்றம் சர்வரின் அமைவில் இருக்கும். பஃபரை உயர்த்தி, பல ஓட்டங்களாகப் பிரித்து, வழி நெடுக 9,000 பைட் பொட்டலத்தை (தரவைப் பிரித்து அனுப்பும் துண்டு) அனுமதித்தால் சரியாகும். வழியில் ஒரே ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் 1,500-இலேயே நின்றாலும் போதும், சிறு சோதனைகள் எல்லாம் தேறும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் தொங்கும். தரவு மாற்றும் சர்வரை வளாகத்தின் பொது ஃபயர்வாலுக்குப் பின்னால் வைக்கவும் கூடாது; மின்னஞ்சலுக்கு ஏற்ற ஃபயர்வால் இந்த வேகத்தில் பொட்டலங்களைக் கைவிடும். அனுப்பும்போதும் பெறும்போதும் செக்சம், அதாவது தரவு மாறாமல் வந்ததா என்று காட்டும் சரிபார்ப்பு எண், பார்ப்பது கட்டாயமாகட்டும்.

ஆட்களைப் பற்றிச் சுருக்கமாக. எஸ்கேஏவின் கண்காணிப்பு, கட்டுப்பாட்டு மென்பொருளில் இந்தியக் குழுக்களுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒரு ஸ்விட்ச் செத்தால் அதன் கீழுள்ள நூற்றுக்கணக்கான கருவிகள் ஒரே நேரத்தில் அலாரம் அடிக்கும். எது வேர், எது கிளை என்று பிரிக்கும் விதிகளை எழுதியவருக்குத்தான் அவற்றைத் திருத்தத் தெரியும். அவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் வைத்திருந்தால் அடுத்த வேலை கிடைத்ததும் போய்விடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியாக, நம் நாட்டிலுள்ள தொலைநோக்கிகள். புனேக்கு அருகே கோடாடில் 45 மீட்டர் டிஷ்கள் முப்பதோடு நிற்கும் ஜிஎம்ஆர்டி ரேடியோ தொலைநோக்கி 19 டிகிரி வடக்கில் உள்ளது. எஸ்கேஏவின் இரு தளங்களும் தென்கோளத்தில் இருப்பதால் வட வானத்தின் வடகோடிப் பகுதி அவற்றுக்கு எட்டாது. எனவே எஸ்கேஏ வந்துவிட்டது என்று ஜிஎம்ஆர்டியின் பராமரிப்பைக் குறைப்பது தவறான சிக்கனம். அதற்குப் பெரிய எதிரி ரேடியோ இரைச்சல். தளர்ந்த இன்சுலேட்டரில் பொறி பறக்கும் உயரழுத்த மின்கம்பி ஒன்றே 150 மெகாஹெர்ட்ஸ் அவதானிப்பைக் கெடுக்கும். இடைநிலை மதிப்பிலிருந்து வெகுவாக விலகும் சமிக்ஞை மாதிரிகளை உடனுக்குடன் களையும் வடிகட்டி அங்கே வேலை செய்கிறது. ஆனால் வடிகட்டியால் துண்டு துண்டான பொறியைத்தான் பிடிக்க முடியும், இடைவிடாத ஒலிபரப்பை அல்ல. மின்வாரியத்தோடு சேர்ந்து ஆண்டுக்கு இருமுறை இன்சுலேட்டர் சோதனை நடத்தத் தனித் தொகை ஒதுக்குங்கள்.

உதகை முத்தோரையிலுள்ள 530 மீட்டர் நீளத் தொலைநோக்கி, மலைச்சரிவு அவ்விடத்தின் அட்சரேகைக்குப் பொருந்தியதால் அதன்மேலேயே கிடத்திக் கட்டப்பட்டது. ஒரே அச்சில் சுழற்றி மணிக்கணக்கில் ஒரு மூலத்தைத் தொடரலாம். கையிருப்புக்கேற்ற அந்தச் சிக்கனம் வேறு, பராமரிப்பில் பிடிக்கும் சிக்கனம் வேறு.

எங்கள் உடனடிக் கோரிக்கை பெரிதல்ல. 200 டிஸ்க், தரவு மாற்றும் சர்வர் இரண்டு, 100 கிகாபிட் இணைப்பு ஒன்று, நிரந்தரப் பணியிடம் ஆறு. எஸ்கேஏ தரவு வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஜிஎம்ஆர்டி ஆவணக் காப்பகத்திலிருந்து நூறு டெராபைட்டை எடுத்துப் பெர்த்துக்கு அனுப்பி, அங்கிருந்து திரும்ப வாங்கி, செக்சம் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். எங்கே இடறுகிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
ரேடியோ வானியல் கருவிகளோடும் தரவுகளோடும் பணிபுரிவோர்