புகார்: வேக்ஸ் துணி என்று விற்ற தாய்-பிள்ளைகள் உடை செட் குறித்து

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: ஸ்டைலிங் சேர்த்த குடும்ப செட் – துணி வேறு, வெட்டு தவறு, ஒரு துண்டு வரவே இல்லை – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

அன்புடையீர்,

வணக்கம். கானாவின் தலைநகரான இந்த அக்ராவில் உங்கள் நிறுவனத்தை நடத்துகிறவர்கள் தமிழர்கள். வாட்ஸ்அப்பில் என்னிடம் ஆர்டர் எடுத்ததும் தமிழில்தான். அதனால் இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன். பில், நீங்கள் அனுப்பிய விளம்பரப் படம், வந்து சேர்ந்த உடைகளின் படங்கள் எல்லாவற்றையும் இதனுடன் இணைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டில் குழந்தை பிறந்து, அவுட்டோரிங் என்ற பெயர்சூட்டு விழாவுக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். முறைப்படி எட்டாம் நாள் பெயர் வைத்துக் குழந்தையை வெளியே கொண்டுவருவார்கள். இப்போது பலர் வசதியான ஒரு சனிக்கிழமையில் வைத்துக்கொள்கிறார்கள். வெள்ளையும் நீலமும் அந்த நாளுக்கு உரிய நிறங்கள். குழந்தையின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் எங்கள் வீட்டுப் பெண், பிள்ளைகளோடு வெள்ளை நீலத்தில் வா" என்றார். அப்படிச் சொன்னவர் வீட்டுக்கு ஏனோதானோவென்று போக முடியாது. அதனால்தான் சாதாரணத் தையலுக்குக் கொடுக்காமல், ஸ்டைலிங் கட்டணமும் சேர்த்து உங்களிடம் கொடுத்தேன்.

முதலில் துணி. அசல் வேக்ஸ் பிரிண்ட், முழுப் பருத்தி, இன்சுபுரா டிசைன் என்று பில்லிலேயே எழுதியிருக்கிறீர்கள். புள்ளிகள் வட்டம் வட்டமாக விரிகிற அந்தக் கிணற்று டிசைன் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வந்தது வேக்ஸ் இல்லை. வேக்ஸ் துணியில் மெழுகுப் பிசினைத் துணியின் இரண்டு பக்கமும் அச்சடித்து, பிறகுதான் சாயத்தில் முக்குவார்கள். அதனால் உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று கண்டுபிடிப்பது சிரமம். உங்கள் துணியைத் திருப்பினால் வெளிறிப்போன நிழல் மாதிரிதான் தெரிகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிசின் வெடித்த இடங்களில் சாயம் இறங்கி மெல்லிய கோடுகள் ஓடும். ஒரு கெஜத்தில் ஓடுவது மாதிரி அடுத்த கெஜத்தில் ஓடாது. வேக்ஸின் அழகே அதில்தான். நீங்கள் தந்த துணியில் வட்டத்தின் இடதுபுறம் ஒரு கோடு கவட்டையாகப் பிரிகிறது. அடுத்த வட்டத்திலும் அதே இடத்தில், அதே கவட்டை. அதற்கடுத்ததிலும் அப்படியே. வெடிப்பையும் சேர்த்து மெஷினில் அச்சடித்திருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். சாம்பல் ஆகாமல் உருகி, கெட்டியான மணியாகத் திரண்டது. பருத்தி அப்படி உருகாது. இது பாலியஸ்டர்.

துணியின் கரையில் ஆலையின் பெயர் இருக்கும், பார்த்துக்கொள்ளலாம் என்றால் எல்லா இடத்திலும் கரையை வெட்டி எடுத்திருக்கிறீர்கள். ஸ்லிட் என்கிற நீளப் பாவாடையின் உள்தையலில் மட்டும் ஒரு விரல் நீளம் மிஞ்சியிருந்தது. அதில் 'அசல் வேக்ஸ்' என்ற வாசகம் மட்டும் இருக்கிறது. ஆலைப் பெயர் இல்லை.

ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த ஃபேன்சி பிரிண்ட்டை நான் குறைவாக நினைப்பவள் இல்லை. மக்கோலா சந்தையில் அதுவும் விற்கிறது, விலைக்கு ஏற்ற துணி. ஃபேன்சி என்று சொல்லி, ஃபேன்சி விலைக்குத் தந்திருந்தால் துணியைப் பற்றி ஒரு வார்த்தை எழுதியிருக்க மாட்டேன். வேக்ஸ் விலை வாங்கிக்கொண்டு பாலியஸ்டர் தருவதுதான் பொறுக்கவில்லை. 1966 முதல் தேமாவில் ஜிடிபி ஆலையும், அதற்கு அடுத்த ஆண்டு முதல் அகோசொம்போவில் ஏடிஎல் ஆலையும் அச்சடித்துவந்த நாடு இது. உள்ளூர்த் துணியை எல்லோரும் உடுத்தட்டும் என்று 2004-இல் வெள்ளிக்கிழமை உடைத் திட்டமே கொண்டுவந்தார்கள். ஏற்கெனவே மலிவான போலித் துணி வந்து குவிந்து இந்த ஆலைகள் தள்ளாடுகின்றன. அந்தப் போலியை அக்ராவிலேயே, அசல் என்ற பெயரில், ஒரு தமிழ் நிறுவனம் விற்கிறது என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. நம் மெட்ராஸ் கைக்குட்டைத் துணி ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறியது. நைஜீரியாவின் கலபாரி மக்கள் தொட்டும் முகர்ந்தும் அசல்தானா என்று பார்த்து அதை வாங்கினார்கள். துணி அறிந்த மக்களிடம் வியாபாரம் செய்கிறோம் என்ற நினைப்பு உங்களுக்கு வேண்டாமா?

அடுத்தது வெட்டு. எனக்கு அதிக வருத்தம் இதில்தான். இவ்வளவு பெரிய வட்டங்கள் உள்ள துணியை மேசையில் விரித்து, எந்த வட்டம் எங்கே விழும் என்று பார்த்த பிறகுதான் கத்திரியை எடுக்க வேண்டும். என் காபா ரவிக்கையில் இரண்டு பெரிய வட்டங்கள் சரியாக மார்பின் மேல் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அதைப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் கூடிய சபையில் நான் எப்படிப் போய் நிற்பது? நான்கு விரல் மேலே தள்ளி வெட்டியிருந்தால் ஒரு வட்டம் கழுத்துக்குக் கீழே நடுவில் வந்து அழகாக இருந்திருக்கும். மகளின் கவுனில் நடுத்தையலுக்கு இந்தப் பக்கம் அரை வட்டம், அந்தப் பக்கம் கால் வட்டம். இரண்டும் எங்குமே சேரவில்லை.

உங்கள் விளம்பரப் படத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள். அம்மா முழு பிரிண்ட்டில் காபா-ஸ்லிட் உடுத்தியிருக்கிறார். மகளுக்கு வெள்ளைப் பருத்தி கவுன், தோளை ஒட்டிய யோக் பகுதியிலும் பாக்கெட்டிலும் மட்டும் அந்த பிரிண்ட். மகனுக்கு வெள்ளைச் சட்டை, பட்டன் பட்டியில் ஒரு நீளத் துண்டு, காலரின் உள்பக்கம் கொஞ்சம். மூவரும் ஒரே வீடு என்று பார்த்ததும் தெரிகிறது, ஆனால் யாரும் சீருடையில் நிற்கவில்லை. நான் ஸ்டைலிங் கட்டணம் கொடுத்தது அதற்குத்தான். வந்ததோ மூவருக்கும் தலை முதல் கால் வரை ஒரே பிரிண்ட். என் அளவைச் சுருக்கி மகளுக்கு, இன்னும் சுருக்கி மகனுக்கு. ஆனால் டிசைன் சுருங்காதே! எனக்கு அளவாக இருக்கும் வட்டம் நான்கு வயதுப் பையனின் நெஞ்சு முழுவதையும் அடைத்துக்கொள்கிறது. பெரிய டிசைனைப் பிள்ளைகளுக்குத் துண்டாகத்தான் வைக்க வேண்டும். இல்லையென்றால் அதே நிறத்தில் பொடி டிசைன் எடுக்க வேண்டும். மக்கோலாவில் துணி விற்கும் அம்மாக்கள் கேட்காமலே சொல்லித் தருகிற விஷயம் இது.

அப்புறம் கழுத்து. மகளின் கவுன் தலை வழியாக எளிதில் இறங்கவில்லை. முதுகில் ஜிப்பும் போதுமான நீளம் இல்லை. லைனிங் கிடையாது, ஜிப்பின் முனையை மடித்துத் தைக்கவும் இல்லை. இந்த ஊர்ப் புழுக்கத்தில் பாலியஸ்டரை உடம்போடு ஒட்டிப் போட்டுப் பார்த்ததில் அவள் பிடரி முழுக்க வேர்க்குரு, ஜிப் முனை உரசிய இடத்தில் ஒரு கீறல். வளர்கிற பிள்ளைக்குத் தைக்கும்போது உள்தையலில் துணி விடுவது வழக்கம். உங்கள் தையலில் பிரிக்க ஒன்றுமே இல்லை.

காபா செட் என்றால் ரவிக்கை, ஸ்லிட், மேல்துணி என மூன்று உருப்படி. இடுப்பில் சுற்றிக்கொள்ளவும், கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளவும் அந்த மேல்துணிதான். அது வரவே இல்லை. பில்லில் ஆறு கெஜம் போட்டிருக்கிறீர்கள். வந்த மூன்று உடைகளையும் விரித்து அளந்தால் ஆறு கெஜத்துக்குக் கிட்டக்கூட வரவில்லை. மிச்சத் துணியையும் தரவில்லை. இங்கே தெருமுனையில் தைக்கிற பெண்கூட வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டுத் திருப்பித் தருகிறார். அதில்தான் தலைக்கட்டும் பிள்ளைகளுக்கு ஹேர்பேண்டும் ஆகும்.

உங்கள் சேவைப் பிரிவில் பேசியவர், "வேக்ஸ் எல்லாம் இப்படித்தான் இருக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிடும், யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார். பிள்ளைகள் போடுகிற துணிதானே என்ற அலட்சியம் இது. இனி எந்தத் தாயிடமும் இப்படிப் பேச வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

விசேஷத்துக்கு மக்கோலாவில் வேறு துணி எடுத்து, அதே தெருமுனைப் பெண்ணிடம் அவசரமாகத் தைத்துப் போட்டுக்கொண்டு போனோம். அந்தச் செலவை நான் உங்களிடம் கேட்கவில்லை. ஸ்டைலிங் கட்டணம் உட்பட பில்லில் உள்ள முழுத் தொகையும் திரும்ப வேண்டும். உடைகளை உங்கள் ஆளை அனுப்பி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கரை மிஞ்சியிருக்கும் ஸ்லிட் பணம் வந்த பிறகுதான். விளம்பரத்தில் உள்ள 'அசல் வேக்ஸ்', 'முழுப் பருத்தி' என்ற வார்த்தைகளையும் எடுத்துவிட வேண்டும், அல்லது அந்த வார்த்தைகளுக்கு உரிய துணியைத் தர வேண்டும்.

இந்த மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் துணியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கானா தர ஆணையத்திடம் போவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
அக்ரா