15 கிலோ கம்பி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழின் வரி விளம்பரத்தில் ஒரு தனியார் விளையாட்டு அகாடமி, வீரர்களின் உடல் வலிமைக்குப் பயிற்சியளிக்க ஆள் கேட்டிருந்தது. கடைசி வரி: 'ஆண்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்.' அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் விசில் ஊதி ஓய்வு பெற்ற எனக்கு அன்று காலைக் காபி இறங்கவில்லை.

என்னிடம் கபடி ஆடிய மாணவி ஒருத்தி உடற்கல்வியில் முதுகலை முடித்து இதே வேலையைத்தான் செய்கிறாள். இரண்டு மாதங்களுக்கு முன் அவள் பயிற்சி கொடுப்பதைப் பார்க்கப் போனேன். காலை ஐந்தரை மணி. கல்லூரி வாலிபால் பையன்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் அவளைவிட ஒரு முழம் உயரம். ஒருவன் எடுத்த எடுப்பில் கம்பியில் தட்டுகளை மாட்டப் போனான். அவள் தடுத்து, ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கையில் கொடுத்து உட்கார்ந்து எழச் சொன்னாள். பிறகு ஒரு பெட்டி மேலிருந்து குதிக்க வைத்தாள். தரையில் இறங்கும்போது அவனுடைய முழங்கால்கள் இரண்டும் உள்பக்கம் மடங்கின. "இப்படியே இறங்கினால் ஒரு நாள் முட்டி ஜவ்வு கிழியும். மறுபடி குதி" என்றாள். ஏழெட்டு முறை குதித்தான். முணுமுணுக்கக்கூட இல்லை.

என் காலத்தில் மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடவிட்டதோடு சரி. என்னிடம் ஆடிய இரண்டு பெண்களுக்கு ஜவ்வு கிழிந்து ஆட்டமே நின்றுபோனது. குதித்து ஆடும் விளையாட்டுகளில் இந்தக் காயம் பெண்களுக்கே அதிகம் வரும் என்பதை இவள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பளு தூக்கும் போட்டியில் ஆண்களுக்கு 20 கிலோ கம்பி. பெண்களுக்கு 15 கிலோ. சற்று மெல்லியது, சிறிய கைக்குப் பிடி கிடைக்கும். அவள் பயிற்சி கொடுக்கும் கூடத்தில் 15 கிலோ கம்பியே இல்லை. கேட்டதற்கு, "இங்கே பெண்கள் யார் வரப்போகிறார்கள்?" என்றாராம் பொறுப்பாளர். கேட்டவளே பெண் என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அமெரிக்காவில் ரேச்சல் பால்கோவெக் என்பவர் பேஸ்பால் அணிகளில் இதே வேலைக்கு விண்ணப்பித்து விண்ணப்பித்துச் சலித்து, பெயரை 'ரே' என்று ஆண் பெயர்போல் மாற்றிய பிறகே அழைப்புகள் வந்தனவாம். 2014இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை முழுநேரப் பணியில் அமர்த்தியது. 2022இல் நியூயார்க் யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணியின் துணை அணி ஒன்றுக்கு மேலாளராகவே ஆனார். என் மாணவியின் பெயரை எப்படிச் சுருக்கினாலும் பெண் பெயர்தான் வருகிறது, முயன்று பார்த்தோம்.

2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் கர்ணம் மல்லேஸ்வரி மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கியபோது எங்கள் பள்ளியில் இனிப்பு கொடுத்தோம். தூக்கலாமாம், தூக்கச் சொல்லித்தரக் கூடாதாம்.

அந்த விளம்பரம் மறுபடி வருமானால், கடைசி வரியை எடுத்துவிடும்படி அவர்களிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவள் எப்படியும் விண்ணப்பம் அனுப்பிவிட்டாள், முழுப் பெயரோடு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை,
திண்டுக்கல்.