சுற்றி முடியட்டும், அப்புறம் போங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பயிற்சி ஹெலிகாப்டர் ஒன்று எஞ்சின் நின்று வயலில் இறங்கிய செய்தியைப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் படித்தேன். உள்ளே இருந்த இருவருக்கும் காயமில்லை. ஆனாலும் தலைப்பில் ‘விழுந்தது’ என்று போட்டுவிட்டீர்கள். விமானி அதைப் பத்திரமாக இறக்கியிருக்கிறார். ராணுவத்தில் 17 வருடம் ஹெலிகாப்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது களக்காட்டில் வாழை போட்டிருப்பவன் நான். அந்த வார்த்தை மனசைக் குத்தியது.

எஞ்சின் நின்றால் கல்லு மாதிரி விழும் என்றுதான் எங்கள் டீக்கடையிலும் பேசிக்கொள்கிறார்கள். உடனே 2021 குன்னூர் ஹெலிகாப்டர் விபத்தைச் சொல்வார்கள். அதில் எந்திரக் கோளாறு இல்லை, மேகத்துக்குள் போனதுதான் வினையானது என்று முப்படை விசாரணையில் தெரிந்தது. எஞ்சின் நிற்பது வேறு. சின்ன வயதில் பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடியிருப்போம், எதிர்க்காற்றில் அது தானே சுற்றும். இதுவும் அப்படித்தான். எஞ்சின் அடங்கியதும் ஓரிரு நொடிக்குள் விமானி இடது கை லிவரைக் கீழே இறக்க வேண்டும். கீழிருந்து ஏறும் காற்று விசிறியைச் சுற்றவைக்கும். 1000 அடியில் இருந்தால் தரைக்கு அரை நிமிடம் சொச்சம்தான். அதற்குள் இடம் பார்த்து, கடைசியில் மூக்கைத் தூக்கி வேகத்தை அடக்கி, லிவரை இழுத்து மெத்தென்று வைக்க வேண்டும். பயிற்சியில் இதைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பார்கள்.

நான் பின்சீட்டில் இருந்த ஒரு நாள் நிஜமாகவே நின்றது. இரைச்சல் அடங்கி, காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. பயிற்சியாளர் ‘ஐ ஹேவ் கன்ட்ரோல்’, அதாவது இனி நான் ஓட்டுகிறேன் என்றார், வேறு பேச்சில்லை. கடலை பிடுங்கிய காட்டில் குலுங்கி நின்றோம்.

நான் பயந்தது அப்புறம்தான். விசிறி சுற்றி அடங்குமுன்பே ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். தண்ணிக் குடத்தோடு ஓர் அம்மா கூட வந்தார். அந்த மனசை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், பத்து வயது இருக்கும், நேரே வால் பக்கம் ஓடினான். வால் விசிறி சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. குதித்து ஓடி அவன் அரைஞாண் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கயிறு அறுந்து என் கையோடு வந்தது. பையன் மண்ணில் உட்கார்ந்து அழுதான்.

பெரிய விசிறியும் ஆபத்துதான். வேகம் குறையக் குறைய இறக்கை நுனி தாழ்ந்துவிடும். பிசான நெல் அறுத்தபின் நம் பக்கத்து வயல்களெல்லாம் வெட்டவெளி, அவசரத்துக்கு யாரும் அங்கேதான் இறக்குவார்கள். இப்போது கையில் செல்போன் வேறு இருக்கிறது. படம் எடுக்கும் ஆசையில் கிட்டே ஓடுவார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இப்படிச் செய்தி வரும்போதெல்லாம் அதன் கீழே இந்த நாலு வரியையும் போடுங்கள்: விசிறி முழுதாக நிற்கும்வரை தள்ளி நில்லுங்கள். வால் பக்கம் போகவே வேண்டாம். விமானி கூப்பிட்டால் அவர் கண்ணில் படும்படி முன்பக்கமாகப் போங்கள். எரிபொருள் சிந்தியிருக்கும், பீடி, தீப்பெட்டி கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஹெலிகாப்டர் மெக்கானிக்,
களக்காடு.